வீட்டில் நின்றுகொண்டே “வீட்டுக்குப் போகணும்” என்று கேட்கும் அம்மா

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். அம்மாவுக்கு அல்சைமர் என்று தெரிந்து நான்கு வருடம் ஆகிறது. கூடவே இருந்து பார்த்துக்கொள்வது நீங்கள்தான். தினமும் மாலை ஐந்து மணியானால் கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து “வீட்டுக்குப் போகணும்” என்கிறார், முப்பது வருடமாக வாழ்ந்த அதே வீட்டில் நின்றுகொண்டு. நல்ல பராமரிப்பு இல்லமாகப் பார்த்துச் சேர்த்துவிடலாம் என்கிறார் அண்ணன். வேற்றிடத்தில் அம்மா உடைந்துபோவார் என்று உங்களுக்குப் பயம். இரண்டில் அம்மாவுக்கு எது நிம்மதி என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் செவிலியர். பன்னிரண்டு வருடம் டிமென்ஷியா (அல்சைமர் போன்ற மறதி நோய்கள்) உள்ளவர்களுக்கான இல்லம் ஒன்றில் வேலை செய்தேன். அப்புறம் வீடுவீடாகப் போய்ப் பார்க்கும் வேலை. என் அப்பாவுக்கும் இந்த நோய் வந்தது. ஐந்து வருடம் வீட்டில் வைத்திருந்தோம், கடைசிப் பதினான்கு மாதம் இல்லத்தில் இருந்தார். இரண்டு பக்கத்தையும் உள்ளிருந்து பார்த்தவள் என்பதால் ஒரு பக்கமாகப் பேச எனக்கு வராது.

முதலில் அந்த வாசல். அம்மா கேட்பது முகவரி இல்லை. இல்லத்தில் இருப்பவர்களும் ஏறக்குறைய அதே நேரத்தில் அதையேதான் கேட்பார்கள். பொழுது சாயும்போது மூளை களைத்துப்போகிறது, வெளிச்சம் குறைகிறது, நிழல்கள் நீள்கின்றன, சுற்றி இருப்பது பிடிபடாமல் போகிறது. பயமில்லாமல் இருந்த ஏதோ ஒரு காலத்துக்குப் போக மனம் துடிக்கிறது. அதற்கு அவரிடம் மிச்சமிருக்கும் சொல் ‘வீடு’. அலோயிஸ் அல்சைமர் 1906இல் மருத்துவர்கள் கூட்டத்தில் விவரித்த முதல் நோயாளி அகஸ்டே டெட்டர். 1901இல் பிராங்ஃபர்ட் மருத்துவமனைக்கு வந்தபோது அவருக்கு வயது 51. “என்னை நான் தொலைத்துவிட்டேன்” என்று அவர் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. உங்கள் அம்மா வாசலில் நின்று சொல்வதும் அதைத்தான் என்று எனக்குத் தோன்றும்.

அதனால் “இதுதாம்மா உன் வீடு” என்று நிரூபிக்கப் போகாதீர்கள். ஜெயிக்க முடியாத வாதம் அது. “அங்க யார் இருப்பாங்கம்மா?” என்று கேளுங்கள். பேச்சு எங்கே போகிறதோ அங்கே கூடப் போங்கள். கொஞ்ச தூரம் சேர்ந்து நடந்துவிட்டுத் திரும்பி வாருங்கள். அதற்கு முன்னால் கழிப்பறை போக வேண்டுமா, பசியா, எங்காவது வலியா என்று பார்த்துவிடுங்கள். நான்கு மணிக்கே எல்லா விளக்கையும் போட்டுவிடுங்கள். சில நாள் இதெல்லாம் எதுவுமே பலிக்காது. அந்த நாளில் உங்கள் மேல் தப்பில்லை.

இன்னொரு விஷயத்தைச் சொன்னால்தான் மேலே சொல்லப்போவது புரியும். 2014இல் அயோவா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் அல்சைமர் நோயாளிகளுக்கு முதலில் சோகமான, பிறகு மகிழ்ச்சியான படத் துண்டுகளைக் காட்டினார்கள். சற்று நேரத்தில் என்ன பார்த்தோம் என்பது பெரும்பாலும் மறந்துபோனது. ஆனால் அந்தச் சோகமும் மகிழ்ச்சியும் அப்படியே தங்கியிருந்தன. பார்த்ததை எவ்வளவு குறைவாக நினைவு வைத்திருந்தார்களோ, சோகம் அவ்வளவு அதிக நேரம் நீடித்தது. எங்கள் வேலையில் இருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். காலையில் குளியலறையில் ஒரு அதட்டல் விழுந்தால், நடந்தது பத்து நிமிடத்தில் மறந்துபோகும். ஆனால் மதியம் வரை அந்த மனிதர் காரணம் தெரியாமல் கலங்கிக்கொண்டே இருப்பார். காரணம் தெரிந்தாலாவது மனதைத் தேற்றிக்கொள்ளலாம், அவரால் அதுவும் முடியாது. ஆகவே எந்த இடம் நல்லது என்பதை விட, அம்மாவின் உடம்பை ஒரு நாளில் யார் எத்தனை முறை தொடுகிறார்கள், எந்தக் குரலில், எவ்வளவு அவசரத்தில் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இந்தக் கணக்கில் வீட்டுக்கு ஒரு பெரிய பலம் உண்டு. நினைவு போனாலும் உடம்புக்குத் தெரிந்தது கடைசியில்தான் போகும். இருட்டில் சுவிட்ச் எங்கே, படுக்கையிலிருந்து எத்தனை அடியில் கதவு என்பதெல்லாம் கைக்கும் காலுக்கும் தெரியும். துணி மடிப்பது, தலை வாருவது போன்றவற்றைப் பெயர் சொல்லத் தெரியாத நிலையிலும் செய்வார்கள். தன் வாசனை ஏறிய நாற்காலி, பழகிய குரல்கள், இவருடைய வேகத்துக்கு வளைந்துகொடுக்கும் நேரம் எல்லாம் வீட்டில் இருக்கின்றன. பத்து மணிக்கு எழுந்தால் பத்து மணிக்குக் காலை உணவு. எந்த இல்லமும் இதை முழுதாகத் தர முடியாது.

ஆனால் வீட்டைப் பற்றி யாரும் சொல்லாத ஒன்றை நான் சொல்லியாக வேண்டும். மறதி நோய் உள்ளவரை அதிகம் திருத்துவது வெளியாட்கள் இல்லை, பெற்ற பிள்ளைகளும் கட்டிய துணையும்தான். “இப்பத்தானே சொன்னேன்?” “அப்பா போய்ப் பத்து வருஷம் ஆச்சே, மறந்துட்டியா?” அந்த மறதி நம்மைக் குத்துகிறது, அதனால் திருத்துகிறோம். சம்பளத்துக்கு வரும் உதவியாளருக்கு அந்த வலி இல்லை. “சரிங்கம்மா, வருவாரு” என்று சொல்லிவிட்டுத் தலையை வாரிவிடுவார். என் அப்பா என்னைத் தன் அக்கா என்று நினைக்க ஆரம்பித்தபோது ஆறு மாதம் சண்டை போட்டேன். பயிற்சி பெற்ற செவிலி, மற்றவர்களுக்கு வகுப்பு எடுத்தவள், நான்! இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டில் இருந்த உளவியலாளர் டாம் கிட்வுட் இதைத்தான் ஆராய்ந்தார். நோய் பாதி கெடுக்கிறது என்றால், சுற்றி இருப்பவர்கள் திருத்தியும், அவசரப்படுத்தியும், அவர் அங்கே இல்லாத மாதிரி அவரைப் பற்றியே பேசியும் மீதியைக் கெடுக்கிறார்கள். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இருக்க வேண்டியதில்லை என்பதுதான் அவர் சொன்னதில் எனக்கு உறைத்தது.

வீட்டில் அதிகம் சண்டை நடக்கும் இடம் குளியலறை. ஏன் என்று அம்மாவின் பக்கத்திலிருந்து யோசியுங்கள். யாரோ ஒருவர் வந்து சட்டென்று உடையைக் கழற்றுகிறார், குளிர்கிறது, தலையில் தண்ணீர் விழுகிறது. யாராக இருந்தாலும் கையை ஓங்கத்தானே செய்வோம். அறையை முதலில் கதகதப்பாக்குங்கள். தோளில் ஒரு துண்டைப் போட்டு மூடிவைத்துக்கொண்டே, ஒவ்வொரு பகுதியாக விலக்கிக் கழுவுங்கள். காலிலிருந்து தொடங்குங்கள், தலை கடைசி. தொடும் முன் சொல்லுங்கள், எதிரில் நின்று சொல்லுங்கள். உடம்பு தேய்க்கும் துணியை அவர் கையிலேயே கொடுத்து, உங்கள் கையை அவர் கைக்கு அடியில் வைத்து நகர்த்துங்கள். தானே செய்கிற உணர்வு இருக்கும். தினமும் குளித்தே ஆக வேண்டும் என்பதை விட்டுவிடுங்கள். ஈரத்துணியால் துடைத்துவிட்டாலும் போதும்.

வலியைப் பற்றியும் சொல்ல வேண்டும், இதைத் தவறவிடாத குடும்பத்தை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். நோய் முற்றினால் “வலிக்கிறது” என்று சொல்ல வராது. மூச்சு வாங்கும் விதம், முனகல், முகச்சுளிப்பு, உடம்பு விறைத்துக்கொள்வது, சமாதானப்படுத்தினால் அடங்குகிறாரா என்பது, இந்த ஐந்தையும் பார்த்து மதிப்பெண் போடும் முறை ஒன்றை மருத்துவமனைகளில் வைத்திருக்கிறார்கள். பல்வலி, மூட்டுவலி, மலச்சிக்கல் எல்லாம் ‘கோபம்’ என்ற பெயரில் வெளியே வரும். ஒன்றிரண்டு நாளில் திடீரென்று குழப்பம் கூடினாலோ, தூங்கி வழிந்தாலோ நோய் முற்றிவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அல்சைமர் அப்படித் திடுமென்று பாயாது. சிறுநீர்த் தொற்று, நீர் வற்றுதல், புதிதாகத் தொடங்கிய மாத்திரை என்று ஏதாவது இருக்கும். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மூக்குக் கண்ணாடி சுத்தமாக இருக்கிறதா, காது கேட்கும் கருவியில் பேட்டரி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். வாசலில் கிடக்கும் கறுப்புக் கால்மிதி அவர் கண்ணுக்குப் பள்ளமாகத் தெரியலாம். நிலைக்கண்ணாடியில் தெரியும் கிழவி யாரோ அந்நியராக இருக்கலாம். இவற்றை எடுத்துவிடச் செலவு ஒன்றும் இல்லை.

சரி, இல்லங்களுக்கு வருவோம். நல்ல இல்லத்தின் பலம் கட்டடத்தில் இல்லை, மூன்று ஷிப்டில் இருக்கிறது. காலையில் வருபவர் இரவு தூங்கிவிட்டு வந்தவர். அதே கேள்வியை நாற்பதாவது முறை கேட்டாலும் அவருக்கு அது இன்றைய கேள்விதான், நான்கு வருடக் கேள்வி இல்லை. எழுப்பி உட்காரவைக்க இரண்டு பேர் இருப்பார்கள். நடக்கத் தோன்றினால் பூட்டிய கதவில் முட்டாமல் சுற்றிவர ஒரு வழி இருக்கும். சிலர் வீட்டில் ஒற்றை ஆளின் முகத்தையே பார்த்துக்கொண்டு வாடிப்போயிருந்து, நான்கு பேர் நடமாடும் இடத்துக்கு வந்ததும் சாப்பிட ஆரம்பித்ததைப் பார்த்திருக்கிறேன். எல்லோருக்கும் இப்படி நடக்காது. சத்தமும் கூட்டமும் ஆகாதவர்கள் அங்கே சுருங்கியும் போவார்கள். உங்கள் அம்மா எந்த ரகம் என்பதை நோய்க்கு முந்தைய அம்மாவிடம்தான் கேட்க வேண்டும்.

நெதர்லாந்தில் வேஸ்ப் என்ற ஊரில் 2009இல் ‘ஹோகவைக்’ என்ற குடியிருப்பைத் திறந்தார்கள். தெரு, சதுக்கம், கடை, உணவகம் என்று ஒரு சின்னக் கிராமம். ஆறேழு பேர் சேர்ந்து வாழும் வீடுகள், ஒரே மாதிரி வாழ்ந்து பழகியவர்கள் ஒரே வீட்டில். யார் எங்கே நடந்தாலும் அந்த எல்லைக்குள்தான் இருப்பார்கள். பொய்யான உலகம் என்று குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அந்தக் குறை பெரிதாகப் படவில்லை. பூட்டிய வார்டும் பொய்யான உலகம்தானே, அதில் கடைகூடக் கிடையாது. அமெரிக்காவில் பில் தாமஸ் என்ற மருத்துவர் 1991இல் தான் பொறுப்பேற்ற முதியோர் இல்லத்துக்குள் செடிகள், பறவைகள், நாய், பூனை, குழந்தைகள் எல்லாவற்றையும் கொண்டுவந்தார். தனிமை, கையாலாகாத நிலை, சலிப்பு, இந்த மூன்றும்தான் அங்கிருப்பவர்களைக் கொல்கின்றன என்பது அவர் கணிப்பு. அதே மூன்றும் வீட்டிலும் வரும் என்பதை நான் சேர்த்துக்கொள்வேன்.

மோசமான இல்லம் எப்படி இருக்கும் என்றால், அமைதியாக இருக்கும். அதுதான் ஏமாற்று. எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து தலை தொங்கியிருந்தால் மாத்திரையைப் பற்றிக் கேளுங்கள். மனநோய்க்கான மாத்திரைகளை டிமென்ஷியா உள்ள முதியவர்களை அடக்க உபயோகித்தால் இறப்பு அபாயம் கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2005இலேயே கடும் எச்சரிக்கை விடுத்தது. இங்கிலாந்தில் 2009இல் வெளியான அரசு அறிக்கை ஒன்று, அங்கே இந்த மாத்திரை பெறும் டிமென்ஷியா நோயாளிகள் சுமார் 1,80,000 பேர், பலன் அடைபவர்கள் அதிகபட்சம் 36,000 பேர், கூடுதலாக ஆண்டுக்கு சுமார் 1,800 மரணங்கள் என்று மதிப்பிட்டது. லூயி பாடி வகை டிமென்ஷியா என்றால் இந்த மாத்திரைகள் இன்னும் ஆபத்து, உடம்பு மரக்கட்டையாகிவிடக்கூடும். சில நேரம், வேறு வழியே இல்லாத துன்பத்தில், குறைந்த அளவில் குறைந்த காலத்துக்குத் தேவைப்படலாம். ஏன் தருகிறார்கள், எப்போது நிறுத்துவார்கள் என்று கேட்டுப் பதிலைக் குறித்துவையுங்கள். வீட்டிலும் இதே மாத்திரை இதே காரணத்துக்குத்தான் கொடுக்கப்படுகிறது, அதையும் கேளுங்கள்.

இல்லத்தைப் பார்க்கப் போனால் காலை பதினோரு மணிக்குப் போகாதீர்கள், அப்போது எல்லா இல்லமும் நன்றாகத்தான் இருக்கும். மாலை ஆறு மணிக்கோ விடுமுறை நாளிலோ போங்கள். ஊட்டிவிடுபவர் உட்கார்ந்து ஊட்டுகிறாரா, நின்றுகொண்டா என்று பாருங்கள். இதை வைத்தே பாதி முடிவு செய்துவிடலாம் என்பது என் கட்சி. உதடு காய்ந்திருக்கிறதா, நகம் வெட்டியிருக்கிறதா, கண்ணாடி அவரவர் முகத்தில் இருக்கிறதா பாருங்கள். இரவில் எத்தனை பேருக்கு எத்தனை ஊழியர், ஒரே ஆளே தொடர்ந்து பார்ப்பாரா, குளிக்க மறுத்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். “சமாளிச்சிடுவோம்” என்பது பதில் இல்லை. “அப்புறமா வேற ஆளை அனுப்புவோம்” என்றால் அது பதில். என் அப்பாவைச் சேர்த்த முதல் இடத்தில், தொலைந்துவிடக் கூடாது என்று காது கேட்கும் கருவியை மூன்று வாரம் இழுப்பறைக்குள் பத்திரமாக வைத்திருந்தார்கள். அவர் பேசுவதை நிறுத்திவிட்டார், நோய் முற்றிவிட்டது என்று எனக்குப் போன் செய்து சொன்னார்கள். இடத்தை மாற்றினோம்.

எப்போது மாற்றுவது என்பதற்கு எல்லோரும் ஞாபகத்தையே அளவுகோலாக வைக்கிறார்கள். “என்னையே அடையாளம் தெரியலைன்னா சேர்த்துடலாம்” என்பார்கள். எனக்கு அது சரியான அளவுகோலாகத் தெரியவில்லை. இரவைப் பாருங்கள். நீங்கள் தொடர்ச்சியாக நான்கு மணி நேரம் தூங்கி எத்தனை நாள் ஆகிறது? அம்மா விழுந்தால் தனியாகத் தூக்க முடியுமா? கை ஓங்குவது உண்டா, அவரோ, நீங்களோ? ஆமாம், நீங்களும்தான். களைத்துப்போனவர் ஒரு நாள் தன்னை மறந்து கையைப் பிடித்து முறுக்குவார், அப்புறம் அழுவார். 1999இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று, துணையைப் பராமரித்து அதனால் மனஅழுத்தத்துக்கு ஆளான முதியவர்கள் நான்கு ஆண்டுக்குள் இறக்கும் அபாயம், பராமரிப்புப் பொறுப்பு இல்லாதவர்களைவிட 63 சதவீதம் அதிகம் என்று கண்டது. உங்களுக்கு வயது குறைவாக இருக்கலாம். ஆனால் நீங்கள் படுத்துவிட்டால் அம்மா அவசர அவசரமாக, யாரும் பார்த்துத் தேர்ந்தெடுக்காத இடத்துக்குத்தான் போவார்.

இதற்கு நடுவே ஒரு வழி இருக்கிறது, பலர் அதைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் துணையைப் பராமரிக்கும் 406 பேரிடம் நீண்டகால ஆய்வு நடத்தினார்கள். பாதிப் பேருக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் சேர்த்து ஆலோசனை, ஆதரவுக் குழு, வேண்டும்போது போனில் பேச ஆள் என்று கொடுத்தார்கள். அந்தக் குடும்பங்களில் நோயாளியை இல்லத்தில் சேர்ப்பது சராசரியாக 557 நாள் தள்ளிப்போனது. புது மருந்து எதுவும் இல்லை. உங்கள் அண்ணன் வீட்டுக்குள் வந்து ஒரு மேசையில் உட்கார்ந்து பேசுவதும் அந்தச் சிகிச்சையில் சேர்த்தி. பகல்நேரப் பராமரிப்பு மையம் கிடைத்தால் வாரம் இரண்டு நாள் அனுப்பிப் பாருங்கள். இரவுக்கு மட்டும் ஆள் வைக்க முடியுமா பாருங்கள். இரண்டு வாரத் தற்காலிகத் தங்கலை ஏற்கும் இல்லம் இருந்தால், அம்மா அங்கே எப்படி இருக்கிறார் என்பதைப் பெரிய முடிவெடுக்காமலே தெரிந்துகொள்ளலாம்.

சேர்ப்பது என்று முடிவானாலும் உங்கள் பாரம் அன்றே இறங்கிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். 2004இல் வந்த இன்னொரு ஆய்வில், நோயாளியை இல்லத்தில் சேர்த்த பிறகும் குடும்பத்தாரின் மனச்சோர்வும் பதற்றமும் குறையவில்லை. உடம்புக்கு ஓய்வு கிடைக்கும், மனதுக்கு அது வேறு கணக்கு. ஆனால் ஒன்று நடக்கும். நாள் முழுக்கத் துடைத்துத் தூக்கி மாத்திரை கொடுப்பவராக இருந்த நீங்கள், போய் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ளும் மகளாக மறுபடி ஆக முடியும். அப்பாவோடு நான் கடைசியாகச் சிரித்ததெல்லாம் அந்தப் பதினான்கு மாதத்தில்தான்.

போகும்போது ஒரே பக்கத்தில் அம்மாவைப் பற்றி எழுதிக் கொடுங்கள். எப்படிக் கூப்பிட்டால் திரும்புவார், எந்தப் பக்கம் படுத்துத் தூங்குவார், எதற்குப் பயம், எந்தப் பழைய பாட்டுக்கு முகம் மலரும், என்ன வேலை பார்த்தவர். ஊழியர்கள் உண்மையில் படிப்பது ஒரு பக்கம்தான். புதிய போர்வை வேண்டாம், பழையதைக் கொண்டுபோங்கள், துவைக்காமலே. பல நாள் முன்பே சொல்லி அம்மாவைப் பதறவிட வேண்டாம். பழகும் வரை வராதீர்கள் என்று சில இடங்களில் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. போங்கள், ஆனால் சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன் போங்கள். தட்டு வந்ததும் கவனம் அங்கே திரும்பும்போது எழுந்து வரலாம். விடைபெறும் காட்சியே வேண்டாம்.

கடைசிக் கட்டத்தில் வீட்டுக்கும் இல்லத்துக்கும் உள்ள வித்தியாசம் வெகுவாகச் சுருங்கிவிடும். விழுங்குவது கஷ்டமாகும். குழாய் வைக்கலாமா என்று கேட்பார்கள். முற்றிய டிமென்ஷியாவில் குழாய் உணவு ஆயுளைக் கூட்டுவதாகத் தெரியவில்லை. அதற்குப் பதிலாக, பொறுமையாக, கொஞ்சம் கொஞ்சமாகக் கையால் ஊட்டுவதையே அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் பரிந்துரைக்கிறது. ஜாய்ஸ் சிமார்ட் என்பவர் 2003இல் தொடங்கிய ‘நமஸ்தே’ பராமரிப்பு என்ற முறையில், இந்நிலையில் இருப்பவர்களை அமைதியான அறையில் உட்காரவைத்து, கையில் களிம்பு தடவிவிடுவார்கள், முகம் துடைத்துத் தலை வாரிவிடுவார்கள், சொட்டுச் சொட்டாகக் குடிக்கக் கொடுப்பார்கள். வேறொன்றும் இல்லை. இதை எந்த அறையிலும் செய்யலாம்.

இப்போதைக்கு உங்கள் நிலைமையைப் பார்த்தால், அம்மா நடக்கிறார், சாப்பிடுகிறார், கஷ்டம் மாலை இரண்டு மணி நேரம்தான். இது வீட்டில் வைத்துப் பார்க்கக்கூடிய கட்டம் என்றே நினைக்கிறேன். ஆனால் இரவுகளைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், அம்மா எத்தனை மணிக்கு எழுந்தார், நீங்கள் எத்தனை மணிக்கு மறுபடி படுத்தீர்கள் என்று. அண்ணனோடு பேசும்போது அந்த நோட்டை மேசையில் வையுங்கள்.